பதின்மூன்றடி வீட்டில் அம்மா

1,500 இறாத்தல். சில வருடங்களாக எங்கள் வீட்டுத் தகராறுகள் எல்லாம் இந்த எண்ணில்தான் வந்து முடிகின்றன. எங்களுடைய ராவ்4 காரின் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தில் இருக்கும் எண் அது. அதற்கு மேல் ஒரு இறாத்தல்கூடப் பின்னால் கொழுவக் கூடாது. பெரிய வாகனமாக மாற்று, பிறகு விரும்பியதை இழு என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். கார்க்கடன் கட்டி முடித்துக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. இன்னொரு கடனுக்குக் கையெழுத்து வைப்பதில்லை என்று என் கணவர், இவர், ஒற்றைக் காலில் நின்றார். கார் மாறாது என்றால் அதற்கு ஏற்ற ட்ரெயிலரைத்தான் தேட வேண்டும். ஒன்ராறியோவில் அப்படித் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கிற இடம் போலர்.

போலர் கனடாக்காரர்களின் செல்லப்பிள்ளை. 1968இல் வினிபெக் நகரில் றே ஒலெக்கோ என்பவர் செய்யத் தொடங்கியது. முழுக்க பைபர்கிளாஸ். மேல்பாதியை ஓர் அச்சிலும் கீழ்ப்பாதியை இன்னோர் அச்சிலும் வார்த்து, இரண்டையும் இடுப்பில் பொருத்திவிடுவார்கள். சுவருக்குள் மரச்சட்டம் கிடையாது. மற்ற ட்ரெயிலர்களில் மழைநீர் புகுந்து சட்டம் உளுத்து, பத்துப் பதினைந்து வருடத்தில் சுவரே கையோடு வரும். இதில் உளுக்க ஒன்றுமில்லை. கொழுக்கியிலிருந்து பின்புறம் வரை பதின்மூன்று அடி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பைக் கழித்தால் உள்ளே கிடைப்பது பத்தடி. 1988 அளவில் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் நெடுஞ்சாலைகளில் இன்னும் உருட்டிக்கொண்டு திரிகிறார்கள். 2018இல் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாட நூற்றுக்கணக்கான போலர்களை வினிபெக்குக்கே இழுத்துக்கொண்டு போனார்கள். அதன் வழியில் வந்த ஸ்காம்ப் இன்றைக்கும் மினசோட்டாவில் பாக்கஸ் என்ற சிறிய ஊரில் புதிதாகச் செய்யப்படுகிறது. காசு உள்ளவர்கள் அதை வாங்கலாம். இன்னும் காசு உள்ளவர்கள் பளபளவென்ற எயர்ஸ்ட்ரீம் வாங்கி, அதைத் துடைத்துக்கொண்டே காலத்தைக் கழிக்கலாம்.

எங்களுக்குக் கிடைத்தது 1974ஆம் ஆண்டுப் போலர். லின்ட்சே பக்கத்தில் ஒரு பண்ணைக் கொட்டகைக்குள் வைக்கோல் கட்டுகளுக்கு நடுவில் நின்றது. விற்றவர் எண்பதைத் தாண்டிய ஒரு அம்மையார். பிள்ளைகள் மூன்று பேரையும் இதற்குள் படுக்க வைத்து நோவா ஸ்கோஷியா வரை போய் வந்ததாகச் சொன்னார். விலையில் இவர் கொஞ்சம் பேரம் பேசிப் பார்த்தார். அம்மையார் குறைக்கவில்லை. பதிலாக வீட்டுக்குள் போய் அதனுடைய பழைய யன்னல் சீலைகளைத் தோய்த்து மடித்தபடி எடுத்துவந்து தந்தார்.

திருத்த வேலை பனிக்காலம் முழுவதும் இழுபட்டது. மார்க்கம் பக்கத்தில் இவருடைய நண்பர் ஒருவரின் கராஜில் அதை நிறுத்தியிருந்தோம். வேலை முடிந்து வந்து, சாப்பாட்டைச் சுற்றிக்கொண்டு அங்கே போய்விடுவோம். நான் வைத்தியசாலையில் இரவு முறை செய்கிறவள். பகலில் நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் கையில் துளைக் கருவியோடு நின்றிருக்கிறேன்.

போலரின் நோய் எல்லாம் றிவிற்றில்தான் தொடங்கும். உள்ளே இருக்கும் அலுமாரி, அடுப்புத் தட்டு, மேல்தட்டு எல்லாவற்றையும் பைபர்கிளாஸ் ஓட்டைத் துளைத்து றிவிற் அடித்தே பிடித்திருப்பார்கள். வெளியே பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். ஐம்பது வருடத்து வெயிலிலும் உறைபனியிலும் ஒவ்வொரு பொட்டும் ஒரு ஓட்டையாகிவிடும். எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். ஒருவர் வெளியே நின்று குழாயால் தண்ணீர் அடிக்க வேண்டும், மற்றவர் உள்ளே டோர்ச் லைற்றோடு குந்தியிருக்க வேண்டும். உள்ளே குந்தியது நான். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு அலுமாரியின் மூலையில் ஒரு துளி திரளும், கொஞ்சம் யோசிக்கும், கீழே இறங்கும். நான் சுவரில் தட்டுவேன். இவர் வெளியே அந்தப் பொட்டைச் சுற்றிச் சோக்கால் வட்டம் போடுவார். முடிவில் பார்த்தால் வட்டம் போடாத பொட்டுகளைத்தான் எண்ணலாம் போலிருந்தது.

எல்லா றிவிற்றையும் ஒரேயடியாகக் கழற்றவும் முடியாது. மேலோட்டுக்குத் தூண் கிடையாது, அலுமாரிகள்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைக் கழற்றினால் கூரை தொய்ந்துவிடும். ஒன்றைக் கழற்றி, பசை தடவிப் புதியதை அடித்து, பிறகு அடுத்ததுக்குப் போக வேண்டும். யன்னல்களை வெளியே எடுத்து, காய்ந்து கல்லாகிக் கிடந்த பழைய பசையைச் சுரண்டிவிட்டு, பியூட்டைல் நாடா ஒட்டித் திரும்பப் பொருத்தினோம். பத்து விரலும் கறுப்பாகிவிடும், சோறு குழைக்க மனம் வராது. வாசலடியில் நிலப்பலகை ஈரத்தில் ஊறிப்போயிருந்தது. அந்த இடத்தில் மட்டும் வெட்டிப் புதுப் பிளைவூட் போட்டோம்.

எங்களால் முடியாத வேலைகள் இரண்டு இருந்தன. ஒன்று அச்சு. போலரில் வில்லுத் தகடு கிடையாது. சதுரக் குழாய்க்குள் ரப்பரை நெருக்கி வைத்து, அது முறுகும்போது குலுக்கத்தை வாங்கும்படி செய்திருக்கிறார்கள். ரப்பருக்கும் வயதுண்டு. அது இறுகிவிட்டால் சில்லைப் பிடிக்கும் கை மேலே போய் நின்றுவிடும், தெருவின் ஒவ்வொரு குழியும் நேரே உடம்பில் ஏறும், அந்த அதிர்வில் றிவிற்றுகள் மறுபடி கழரும். அச்சை மாற்றாமல் றிவிற் அடிப்பது வீண்வேலை. இரண்டாவது, முன்பக்கத்தில் அடிச்சட்டம் வளைகிற இடத்தில் இருந்த வெடிப்பு. பழைய போலர்களுக்கு அது பொதுவான வருத்தம். ஒட்டுவேலை செய்கிற ஒருவர் புது அச்சைப் போட்டு, வெடித்த இடத்துக்கு இருபக்கமும் இரும்புத் தகடு வைத்து ஒட்டித் தந்தார். நல்ல வேலை. ஆனால் இரும்பு இரும்புதானே, அதற்கும் எடை உண்டு.

லொறிகள் நிறுக்கும் தராசில் கொண்டுபோய் ஏற்றினோம். வெறும் ட்ரெயிலரே 1,180 இறாத்தல். மிச்சம் இருந்தது 320. அதற்குள்தான் நான்கு பேருடைய படுக்கை, உடுப்பு, சாப்பாடு, சட்டி பானை எல்லாம். இவர் ஒரு கொப்பியில் கணக்கு எழுதத் தொடங்கினார். நிரப்பிய காஸ் சிலிண்டர் 37. ஈய பற்றறி 60 வரும் என்று லித்தியம் பற்றறி வாங்கினோம், அது 26. தொட்டியில் தண்ணீர் நிரப்பினால் 45 லீற்றர், அதாவது 100 இறாத்தல். இவர் ஆசைப்பட்டு வாங்கி வைத்திருந்த மடிக்கும் கதிரைகள், இரும்புத் தோசைக்கல், காற்று மெத்தை, சின்ன ஜெனரேற்றர் எல்லாம் எழுதி முடிக்க முன்னமே பக்கம் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் அம்மா உள்ளே வந்தார்.

அதுவரை அம்மாவுக்கு இந்த விளையாட்டில் பெரிய அக்கறை இருக்கவில்லை. வீடு வாசல் இருக்க, காசு கொடுத்துக் காட்டுக்குள் போய்ப் படுக்கிற புத்தியைப் பற்றி அவருக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஆனால் சாமான்கள் தரை முழுக்கப் பரவிக் கிடந்ததைக் கண்டதும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பிள்ளை, போற இடத்தில தண்ணி இருக்கோ?”

“ஓம் அம்மா. பார்க்குக்குள்ள பைப் இருக்கு.”

“பிறகேன் தண்ணியைச் சுமந்துகொண்டு போவான்?”

ஒரே கேள்வியில் நூறு இறாத்தல் போய்விட்டது. ஜெனரேற்றரைக் கையால் தள்ளிவைத்தார். கதிரைகளில் இரண்டு போதும், மிச்சப் பேர் படங்கை விரித்து நிலத்தில் இருக்கலாம் என்றார். தோசைக்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், அதையும் தள்ளினார். “தோசை வீட்டை வந்து தின்னலாம்.” கடைசியில் எழுந்து போகும்போது திரும்பி, “எண்டாலும் ஒரு கான் தண்ணி நிரப்பி வை” என்றார்.

அம்மா சாமான் கட்டுவதை நான் அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். 1995 ஒக்ரோபர் 30. எனக்குப் பன்னிரண்டு வயது. இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்குப் போக எழும்பியது. கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்குள் அப்பா எப்படியோ ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதன் பெட்டிக்குள் எங்களோடு இன்னும் இரண்டு குடும்பங்களின் சாமானும் ஏற வேண்டும். மழை. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் கத்தவில்லை. அரிசி மூட்டை அச்சுக்கு மேலே வருகிற மாதிரி அடியில். மண்ணெண்ணெய்க் கான் தனியே, அரிசியில் படாமல் பின்மூலையில். முதலில் தேவைப்படுகிறது எதுவோ அது எல்லாவற்றுக்கும் மேலே: மூடிச் சட்டியில் வடித்த சோறு, பழஞ்சீலை, தீப்பெட்டியைச் சுற்றிய பொலித்தீன். தையல் மெசினை ஏற்றினார், பிறகு ஆச்சியை எங்கே இருத்துவது என்று பார்த்துவிட்டுத் தானே இறக்கிவைத்தார். காணி உறுதியும் எங்களுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்த பை அவருடைய இடுப்பை விட்டு இறங்கவில்லை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அடுத்த வருடம் சித்திரையில் திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இருந்தது, தையல் மெசின் இல்லை.

இதையெல்லாம் கராஜில் யாரும் பேசவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன். அம்மா பேசியது முழுக்க அவருடைய அப்பாவின் மாட்டுவண்டிலைப் பற்றி.

அதற்கும் காரணம் இருந்தது. ட்ரெயிலரின் மொத்தப் பாரத்தில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொழுக்கியில் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால், அதாவது பின்பக்கம் பாரமாகிவிட்டால், வேகத்தில் ட்ரெயிலர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்து இழுத்துப் போடும். கூடினாலும் கரைச்சல், எங்கள் கொழுக்கிக்கு 150 இறாத்தல்தான் எல்லை. இவர் இதைப் படம் கீறி விளக்கத் தொடங்கினார். அம்மா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“உது முன்பாரம் பின்பாரம்தானே தம்பி. பின்பாரம் கூடினா வண்டில் மாட்டின்ர கழுத்தைத் தூக்கும். முன்பாரம் கூடினா மாடு படுத்திடும். எங்கட ஐயா நுகத்தைக் கையால தூக்கிப் பாத்திட்டுத்தான் மாட்டைக் கட்டுவார்.”

நுகத்துக்குப் பதிலாக எங்களுக்கு அம்மாவின் குளியலறைத் தராசு வந்தது. அதன்மேல் ஒரு பலகைத் துண்டை வைத்து, கொழுக்கியை அதில் இறக்கினோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து எண்ணை வாசித்தார். 95. பின் இருக்கைக்கு அடியில் இருந்த அரிசிப் பையை இவர் முன்னுக்குக் கொண்டுவந்தார். 118. காஸ் சிலிண்டர் முன்னாலேயே இருந்தது. மா டின்னும் தேங்காய்களும் இடம் மாறின. 140 வந்ததும் அம்மா நிமிர்ந்து, “காணும்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் எண் வாசிக்கிறவர் அவர்தான். மகள் வாசித்தால் ஏற்றுக்கொள்வதில்லை.

உள்ளலங்காரம் என்று இணையப் படங்களில் காட்டுகிறார்களே, வெள்ளைச் சுவர், மரத் தட்டு, சரம் சரமாகச் சின்ன லைற்றுகள், அதற்கெல்லாம் எங்களிடம் இறாத்தல் இல்லை. உள்ளே பூசுகிற வர்ணத்துக்குக்கூட எடை உண்டு என்று இவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் சிலவற்றைச் செய்தோம். லைற்றுகளை எல்ஈடிக்கு மாற்றினோம். பழைய ஐஸ்பெட்டி இருந்த இடத்தில் பன்னிரண்டு வோல்ற்றில் ஓடும் ஒரு சின்ன பிறிட்ஜ். நூறு வாற்ஸ் சூரியத் தகடு ஒன்று. அதைக் கூரையில் பொருத்தவில்லை. மர நிழலில் ட்ரெயிலரை நிறுத்திவிட்டுத் தகட்டை மட்டும் வெயிலில் சாய்த்து வைப்பதுதான் புத்தி. அம்மையார் தந்த யன்னல் சீலைகள் தொட்டதும் கிழிந்தன. அம்மாவின் பழைய நூற்சேலைகள் இரண்டை வெட்டி அதே அளவில் தைத்தேன். சேலை பாரமில்லை, இரவிலே தோய்த்துப் போட்டால் விடியக் காய்ந்துவிடும்.

குசினிப் பகுதியில் என்னை மிகவும் திருப்திப்படுத்திய பொருள் கடையில் வாங்கியது அல்ல. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து, பயன்படுத்தாமல் பொத்தி வைத்திருந்த நீத்துப்பெட்டி. பனையோலை. எடை என்று ஒன்றுமே இல்லை. அடுப்புக்கு மேலே ஒரு கொழுக்கியில் தொங்கும். வறுத்த அரிசிமா, சுடுதண்ணீர், துருவிய தேங்காய் இருந்தால் எந்தக் காட்டிலும் பிட்டு அவிக்கலாம். பயணச் சாப்பாடு என்று இங்கே கடைகளில் விற்கிற உலர்ந்த பைகளை எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், வறுத்த மாவுக்கு நிகரானது ஒன்றுமில்லை.

படுக்கை ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். பின்பக்கத்து மேசையை இறக்கினால் அது எங்கள் இருவருக்கும் கட்டில். முன்பக்கத்து இருக்கை அம்மாவுக்கு. அதன் முதுகுப் பலகையைத் தூக்கிக் கொழுவினால் மேலே ஒரு தட்டு வரும், அதில் மகள். அவள் வளர்ந்துகொண்டே வருகிறாள், தட்டு வளரவில்லை. நான்கு பேர் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சு விட்டால் விடியும்போது யன்னல்களில் தண்ணீர் வழியும். குளிர் என்று பார்க்காமல் கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் ஈரமும் போகும், காஸ் அடுப்பின் புகையும் போகும். அதையும் மீறி ஒரு காபன் மொனொக்சைட் அலாரம் அம்மாவின் தலைமாட்டில் மாட்டியிருக்கிறது.

முதல் பெரிய பயணம் சுப்பீரியர் ஏரிக்கு. ரொறன்ரோவிலிருந்து வடக்கே ஏறி, சட்பரியில் 17ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, சூ செய்ன்ற் மேரியைத் தாண்டிப் போக வேண்டும். அகாவா பே என்ற முகாம் எங்கள் வீட்டிலிருந்து எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரே நாளில் ஓடினால் அம்மாவின் முழங்கால் தாங்காது. சட்பரியில் ஒரு பெரிய கடையின் வாகனத் தரிப்பிடத்தில், உள்ளே போய் அனுமதி கேட்டுவிட்டு, இரவு தங்கினோம். கனடாவில் ட்ரெயிலர்காரர்கள் அப்படித் தங்குவது வழமைதான். வடிவான இடம் என்று சொல்ல முடியாது. மஞ்சள் விளக்குகள், எங்கோ ஒரு லொறியின் இயந்திரச் சத்தம்.

நடுச்சாமம் தாண்டியிருக்கும். கதவில் யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு, பலமாக. நான் கண்ணைத் திறந்து எங்கே படுத்திருக்கிறேன் என்று யோசித்து எழும்புவதற்கிடையில், அம்மா உட்கார்ந்திருந்தார். இரவுச் சட்டைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டாயிற்று. கைப்பை மடியில். மற்றக் கையால் மேல்தட்டில் படுத்திருந்த மகளின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் இன்னும் எழும்பவில்லை. இவர் கதவைத் திறந்து பேசினார். காவலுக்கு நின்ற இளைஞன். விடியப்புறம் சாமான் லொறிகள் வரும், வழியில் நிற்கிறீர்கள், அந்தப் பக்கத்து மூலைக்குத் தள்ளி நிறுத்த முடியுமா என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

“ஆர் பிள்ளை?”

“ஒண்டுமில்லை அம்மா. வாகனத்தைக் கொஞ்சம் தள்ளி விடட்டாம்.”

“போகச் சொல்லேல்லைத்தானே?”

“இல்லை அம்மா.”

கார் நகர்ந்து மூலையில் நின்றபிறகும் அவர் படுக்கவில்லை. கைப்பையைத் திறந்து டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடவுச்சீட்டுகள், சுகாதார அட்டைகள், மருந்துச் சீட்டு. அவற்றோடு பார்க் பதிவின் அச்சுப்பிரதியும் இருந்தது. நான் மேசையில் வைத்திருந்ததை எப்போது எடுத்து அதற்குள் வைத்தார் என்று தெரியாது. அதில் போகும் திகதியும் வெளியேறும் திகதியும் இருந்தன. வெளியேறும் நேரம் பிற்பகல் 2 மணி என்றும் போட்டிருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் வாசிக்க வரும்.

“வாற திகதியும் போட்டுத்தான் தந்திருக்கிறாங்கள்” என்றார். பிறகு படுத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் குறட்டை.

ட்ரெயிலர் விளம்பரங்களில் எல்லாம் சுதந்திரம், திறந்த சாலை, நினைத்த இடத்தில் தங்கலாம் என்பதே பாட்டு. எனக்கு அந்தப் பாட்டில் இன்றைக்கும் ஈர்ப்பில்லை. நினைத்த இடத்தில் நிற்க வேண்டிய நிலைமையை நாங்கள் கண்டிருக்கிறோம். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் தங்கினோம், அதை யாரும் முகாம் வாழ்க்கை என்று படம் எடுத்துப் போட மாட்டார்கள். எனக்குப் பிடித்தது இடத்துக்கு ஓர் இலக்கம் இருப்பதும், அந்த இலக்கத்துக்கு நாங்கள் காசு கட்டியிருப்பதும், வீட்டில் பூட்டிய கதவு பூட்டியபடியே இருக்கும் என்று தெரிந்திருப்பதும்தான். இதைச் சொன்னால் இவருடைய வெள்ளைக்கார நண்பர்களுக்கு விளங்குவதில்லை. அவர்களுக்குப் பதிவு செய்யாமல் போவதுதான் வீரம்.

சுப்பீரியரைப் பற்றி எவ்வளவு சொல்லியிருந்தாலும் நேரில் கண்டபோது அம்மா நம்பவில்லை. கரை தெரியாத தண்ணீர், அலை, காற்று. பரப்பளவில் உலகிலேயே பெரிய நன்னீர் ஏரி என்று மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒப்புவித்தாள். 82,100 சதுர கிலோமீற்றர், 406 மீற்றர் ஆழம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பில்லை” என்று எங்களைப் பார்த்துச் சொன்னார், ஏதோ நாங்கள் அவரை ஏமாற்றியிருப்போம் என்று சந்தேகப்பட்டிருந்தது போல. ஆடி மாதம், ஆனாலும் தண்ணீர் எலும்பைக் கடித்தது.

ஒஜிப்வே மக்கள் செங்காவியால் பாறையில் வரைந்த உருவங்கள் அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கின்றன. கொம்பும் முதுகில் முள்ளும் கொண்ட நீர்ப்பூனை, ஏரியின் உக்கிரத்துக்கு உரியது. பாறை விளிம்பில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் பார்க்க வேண்டும். நானும் மகளும் போனோம். அம்மா மேலேயே நின்று, போகிற வருகிற ஆட்களுக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பார்க் உத்தியோகத்தர் வந்ததும் முதலில் சொன்னது கரடியைப் பற்றி. சாப்பாட்டை, சமைத்த சட்டியை, குப்பையை, தண்ணிக் கானைக்கூட வெளியே விடக்கூடாது, எல்லாம் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். இவர் வரும் வழியில் ஏரி மீன் வாங்கி வைத்திருந்தார். பொரிப்பதா வேண்டாமா என்று ஒரு மந்திராலோசனை நடந்தது. ட்ரெயிலருக்குள் பொரித்தால் அடுத்த வருடம் வரை மணக்கும். வெளியே பொரித்தால் கரடி. கடைசியில் அம்மா பட்டப்பகலில், காற்று ஏரிப் பக்கம் வீசும் நேரம் பார்த்துப் பொரித்து, சட்டியைக் காரில் பூட்டிவிட்டுத்தான் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் ஆறிப்போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

போலர் வைத்திருப்பவர்களுக்குத் தனிமை கிடைக்காது. எங்களுக்கு அடுத்த இடத்தில் நின்றது முப்பதடிக்கு மேல் நீளமான ஒன்று. பக்கச் சுவர்கள் வெளியே நீண்டு வரும், வெளியிலேயே ஒரு தொலைக்காட்சி. அதை யாரும் நின்று பார்க்கவில்லை. எங்கள் முட்டை வடிவப் போலரைக் கண்டால் நடந்து போகிறவர்கள் நிற்பார்கள். “எங்கள் அப்பாவிடமும் ஒன்று இருந்தது” என்று தொடங்குவார்கள். உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்த்ததும் குரல் மாறிவிடும், தாங்கள் எந்த மூலையில் படுத்தோம் என்று விரலால் காட்டுவார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் ஒரு பருத்தித்துறை வடையைக் கொடுத்துவிடுவார். உறைப்பைக் கண்டு சிலர் கண்கலங்கினார்கள், அது பழைய நினைவால் என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

அப்படி வந்த மனித்தோபாக்காரர் ஒருவருக்குப் போலரின் சரித்திரம் முழுக்கத் தெரிந்திருந்தது. ஒலெக்கோ முதலில் பைபர்கிளாஸில் செய்தது ட்ரெயிலர் அல்ல, மலக்குழித் தொட்டி. கொங்கிறீற்றை விட எவ்வளவோ பாரம் குறைவாக அது வந்ததால்தான் அதே முறையில் ஒரு ட்ரெயிலரும் செய்யலாம் என்ற யோசனை அவருக்குப் பிடித்ததாம். மகள் இதை அம்மம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அம்மா வடைத் தட்டோடு அப்படியே நின்றார்.

“அப்ப கக்கூஸ் குழிக்குச் செய்ததுக்குள்ளயோ நாங்கள் படுத்தெழும்பிறம்?”

எதற்காகச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அந்த மனிதரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த முறை மழையும் பிடித்தது. விடாத மழை, ஏரியிலிருந்து வீசும் காற்றோடு. படங்கைக் கட்டினால் பறந்தது. பத்தடிக்குள் நான்கு பேர். ஒருவர் எழும்பினால் மற்ற மூவரும் காலை மடக்க வேண்டும். மகளும் இவரும் சீட்டு விளையாடினார்கள், சண்டை பிடித்தார்கள், மறுபடி விளையாடினார்கள். நான் சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். றிவிற் வரிசையில் கையால் தடவிக்கொண்டு போனேன். எல்லாம் காய்ந்திருந்தன. அம்மாவின் அலுமாரி மூலையில் மட்டும் சின்ன ஈரம். அது ஒழுக்கு இல்லை, பிட்டு அவித்த ஆவி என்று இவர் வாதாடினார். அம்மா துடைத்துவிட்டு, விரலை முகர்ந்து பார்த்து, ஆவிதான் என்று தீர்ப்புச் சொன்னார். கராஜில் கழித்த பனிக்காலத்துக்கு எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது.

பனிக்காலத்தில் போலரை வீட்டு வாசலில் நிறுத்த மாநகரச் சட்டம் இடங்கொடுக்காது. ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பண்ணையில் மாத வாடகைக்கு விடுகிறோம். போக முன்னம் குழாய்களில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் வடித்து, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். எலிகள் புகாமல் ஓட்டைகளில் இரும்புப் பஞ்சு அடைப்போம். அம்மா தன் பங்குக்குப் பூச்சி முட்டைகளைத் துணியில் முடிந்து வைப்பார். எலி இதுவரை வரவில்லை. யாருடைய வைத்தியத்தால் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.

பனி நிற்கும்போதே அடுத்த கோடைக்கான அலுவல் தொடங்கிவிடும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். நல்ல இடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இந்தத் தை மாசியிலும் விடிய எழும்பி, குசினி மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். மகளின் கையில் கணினி, இவரிடம் அட்டை. முதல்நாள் இரவே அம்மா தன் நிபந்தனைகளைச் சொல்லியிருந்தார். ரொய்லற்றுக்குக் கிட்ட வேண்டும், ஆனால் வாசலுக்கு நேரே கூடாது. வெயில் வேண்டும், உடுப்புக் காய. மரமும் வேண்டும், படங்கு கட்ட. பக்கத்தில் பெரிய ட்ரெயிலர்காரர் இல்லாமலிருந்தால் நல்லது, அவர்களுக்கு இரவில் நித்திரை வருவதில்லை.

மணி ஏழானதும் மகள் அழுத்தினாள். முதலில் பார்த்து வைத்த இலக்கம் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. வளைவில் இருந்த ஒன்று பச்சையாகத் தெரிந்தது, அதைப் பிடித்துவிட்டாள். இவர் அட்டை இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினார்.

“பொறு, பொறு” என்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார். “உதில பைப் எங்க இருக்கு?”

“மாமி, காசைக் கட்டின பிறகு பைப்பைப் பாப்பம்!”

அம்மா மகளின் கையைப் பிடித்துவிட்டார். அவள் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். தண்ணீர்க் குழாயின் சின்னம் இரண்டு இலக்கம் தள்ளி இருந்தது. அம்மா விரலை வைத்துத் தூரத்தை அளந்தார்.

“சரி, கட்டுங்கோ தம்பி.”